தோளில் தட்டினால் அடுத்த கியர்

சில நாட்களுக்கு முன்பு சுகந்தி போன் செய்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த சைலன்சர் கம்பெனியில், சத்தப் பரிசோதனைப் பிரிவை எனக்கு அடுத்து ஏற்றுக்கொண்ட பெண்.

"சார், கரண்ட் வண்டிக்கு ஸ்பீக்கர்ல சத்தம் வெக்கணும்னு ஒரு ஆர்டர் வந்திருக்கு. சத்தமே இல்லாம வந்தா ரோட்ல போறவங்களுக்குத் தெரியலையாம். பழைய வண்டி மாதிரி இருக்கணுமாம். நீங்க எவ்ளோ வண்டி கேட்டிருப்பீங்க. நல்லதா ஒண்ணு சொல்லுங்க சார்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இல்லை. அவள் கேட்டவுடனே ஒரே ஒரு வண்டிதான் காதுக்குள் வந்து நின்றது. ஆனால் அதை ஸ்பீக்கரில் வைக்க முடியாது என்பதை அந்தப் பெண்ணுக்குப் போனில் எப்படி விளக்குவது? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பூந்தமல்லி பக்கத்து நூம்பல்காரன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன், அப்ரண்டிஸ் முடித்தேன், கொஞ்ச காலம் வெல்டிங் லைனில் நின்றேன். அதை விரித்து எழுதினால் இந்தப் பக்கத்து ஃபிட்டர்கள் எல்லோருடைய கதையும் அதேதான். என் கதை, என்னைச் சத்தப் பிரிவுக்கு மாற்றிய அன்று தொடங்கியது.

பிரிவின் தலைவி ரோஸ்லின் மேடம். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி, நீலக் கோட்டு. நான் போய் நின்றதும், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைக் காட்டி, "என்ன கேக்கு?" என்றார்.

யாருக்கோ பிறந்தநாள் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். "எதுனா ஒண்ணு குடுங்க மேடம். எனக்கு எல்லா கேக்கும் புடிக்கும்."

பிரிவே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "திங்குற கேக்கு இல்லடே. காதுல என்ன கேக்கு?" என்றார். அவர் நாகர்கோவில்காரர். கேட்கிறது என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்களாம்.

"எஞ்சின் ஓடற சத்தம் கேக்குது மேடம்."

"அது வாட்ச்மேனுக்கும் கேக்கும். அப்புறம் நீ என்னத்துக்கு?"

அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொள்வதற்குத்தான் எனக்கு அத்தனை வருடச் சம்பளமும் கொடுத்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

சத்த அறையின் சுவரிலும் கூரையிலும் கூர்கூராகப் பஞ்சு ஒட்டியிருக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நாம் பேசுவது நம் உதட்டிலேயே நின்றுவிடும். நடுவில் ஒரு ஸ்டாண்டில் எஞ்சின். ஒரு லாட்டிலிருந்து, அதாவது ஒரே தொகுதியாகச் செய்து வந்ததிலிருந்து, எடுத்த சைலன்சரை அதில் பூட்ட வேண்டும். முதலில் எஞ்சின் ஓடாதபோது அறை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். பிறகு குழலின் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, வாயின் உயரத்திலேயே, நேரெதிரே வைக்காமல் நாற்பத்தைந்து டிகிரி பக்கவாட்டில் மைக்கை வைக்க வேண்டும். எஞ்சினைச் சொன்ன வேகத்துக்கு ஏற்றி, அங்கே நிறுத்திப் பிடித்து, சட்டென்று விட வேண்டும். சட்டைப் பையில் சாவி, சில்லறை எதுவும் இருக்கக் கூடாது. இதில் ஒன்றை மறந்தாலும் முதலிலிருந்து.

இதெல்லாம் எந்தக் கம்பெனியிலும் செய்வதுதான். மேடம் அதோடு நிற்க மாட்டார். நாங்கள் கண்ணாடிக்கு வெளியே மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் உள்ளே, எஞ்சின் பக்கத்தில், கோட்டுப் பைகளில் கையை விட்டுக்கொண்டு நிற்பார். "மீட்டர் எவ்வளவுன்னு சொல்லும். எப்படின்னு சொல்லாது" என்பார். அந்த 'எப்படி'க்கு அவரிடம் தனி வார்த்தைகள் இருந்தன; 'கேக்கு' மாதிரியே ஆடுகிறது என்பதை 'ஆடு' என்றும் பேசுகிறது என்பதை 'பேசு' என்றும் சொல்வார். உள்ளே தடுப்புத் தட்டு தளர்ந்திருந்தால், "பல்லு ஆடு." தகடு மெலிந்திருந்தால், "தகரம் பேசு." பஞ்சு சரியாக அடைக்காவிட்டால், "சளி கட்டியிருக்கு."

யாரையும் திட்டியதில்லை. வேலை பிடிக்காவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அவ்வளவுதான். நாங்கள் மறுபடி போல்ட் கழற்ற ஆரம்பித்துவிடுவோம். எஞ்சின் நின்றதும் கொஞ்ச நேரம் யாரும் பேசக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். "காது அடங்கட்டும்" என்பார். கம்பெனி காதடைப்பான் கொடுத்தபோது எங்கள் எல்லோரையும் மாட்ட வைத்தார். தான் மட்டும் மாட்டவில்லை. கேட்டால், "மூக்கைப் பொத்திக்கிட்டு மீன்கொழம்பு ருசி பாப்பியா நீ?" என்று மடக்குவார்.

அவர் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மேடத்தின் கணவர் தாமஸ், ஆவடியில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் இருந்தவர். மகள் ஷீலா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதிலேயே அவர் இறந்துவிட்டார். அவர் விட்டுப்போனது முந்நூற்றைம்பது சிசி பழைய மோட்டார் சைக்கிள். கியர் வலது காலில். விற்றுவிடச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். மேடம் விற்கவில்லை, ஓட்டக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்து எஸ்டேட்டில் சுடிதார் போட்டுக்கொண்டு அவ்வளவு பெரிய வண்டியை உதைத்துக் கிளப்புகிற அம்மா அவர் ஒருவர்தான். டீக்கடையில் டம்ளரைக் கையில் பிடித்தபடியே திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் பார்த்தது கம்மி, கேட்டதுதான் அதிகம். அந்த வண்டியின் சைலன்சருக்குள் தாமஸ் தன் கையால் ஒரு தட்டை இடம் மாற்றி வைத்திருந்தார். என்ன செய்தார் என்று மேடத்துக்கே சரியாகத் தெரியாது. அதைத் திறந்து பார்க்க அவர் விடவும் இல்லை. டுப் என்று அடி விழும். விழுந்த பிறகு, கதவைப் பதமாகச் சாத்தும்போது வருமே, அந்த மாதிரி லேசான ஒரு காற்று. அப்புறம் மூச்சு விட ஒரு இடைவெளி. அதற்குப் பிறகுதான் அடுத்த டுப். அவ்வளவு பெரிய எஞ்சின், ஆனால் தூங்குகிற குழந்தையை எழுப்பாது. காலையில் ஜன்னல் ஓரம் மைக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அது எஸ்டேட் முனையில் திரும்புவது கேட்கும். அன்றைய வேலை நன்றாக நடக்கும் என்று எனக்குத் தோன்றிவிடும். காரணம் சொல்லத் தெரியாது.

நடுவில் ஒரு சம்பவம். லாரியில் ஏற்றத் தயாராக இருந்த ஒரு லாட்டை மேடம் நிறுத்தினார். "கொசு மாதிரி ஒண்ணு பாடுது. சிர்ர்னு" என்றார். மீட்டர் சரியாகக் காட்டியது. எங்கள் யார் காதிலும் கொசு இல்லை. உற்பத்தி மேலாளர் வந்து, பணிவாகத்தான், "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க மேடம்" என்றார். வெல்டிங் லைனிலிருந்து அன்வரைக் கூப்பிட்டு, மேடம் ஒரு சைலன்சரை அறுக்கச் சொன்னார். உள்ளே ஒன்றும் இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. வயிறு கிழித்த மீன்கள் மாதிரி அவை மேஜைமேல் கிடந்தன. மேடம் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நேராக லைனுக்கு நடந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "தப்பு என்னுது. லாட்டை அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் வண்டி நிறுத்தும் இடத்தில் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "நெசமாவே உனக்கு ஒண்ணும் கேக்கல்லியாடே?"

"இல்ல மேடம்."

தலையை ஆட்டிக்கொண்டு வண்டியை உதைத்தார். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. தன் நாள் வந்தபோது ஓய்வு பெற்று, பிரிவை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். போன பிறகும் வெகுநாள், அந்த நேரம் ஆனதும் நான் ஜன்னல் பக்கம் போய் நிற்பேன். எஸ்டேட் முனையில் எத்தனையோ வண்டிகள் திரும்பின. நான் மைக்கைத் துடைத்துக்கொண்டே இருப்பேன்.

அப்புறம் எனக்கும் மாலை போட்டு அனுப்பினார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு காலை, வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வேலப்பன்சாவடி பக்கமிருந்து ஒரு வண்டி வருவது கேட்டது. முதல் கியரிலேயே வைத்து முறுக்கிக்கொண்டு யாரோ வருகிறார்கள். எஞ்சின் கதறுகிறது. பழைய வண்டி என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எவன்டா இது, வாயில்லாத வண்டியை இப்படி வதைக்கிறவன் என்று தெருவுக்கு வந்தேன்.

ரோஸ்லின் மேடம். தலை முழுக்க நரைத்திருந்தது. வண்டியை என் வாசலில் நிறுத்தினார்.

"வாங்க மேடம், நல்லா கீறீங்களா?"

"ஆமா, வெயில்தான்."

என் மனைவி கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். உள்ளே வந்து உட்கார்ந்ததும் மேடம் பையிலிருந்து காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார். "பக்கத்துல வந்து, மெதுவா, தாழ்த்திப் பேசு. உன் குரல் கொஞ்சம் எட்டும். கஸ்தூரி பேசினா ஒண்ணும் வராது. எம் பேத்தி போன்ல பேசினா உதடு அசையிறதுதான் தெரியும்" என்றார். அவர் காதில் கீச்சென்ற மேல் சத்தம் எல்லாம் போய்விட்டது. கீழே, ஆழத்தில் இருக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

"எப்பலேருந்து மேடம்?"

"அந்தக் கொசு ஞாபகம் இருக்கா?" என்றார். "அது சைலன்சர்ல இல்லடே. எனக்குள்ள இருந்துச்சு. அன்னையிலேருந்து பாடிக்கிட்டேதான் இருக்கு. மத்ததெல்லாம் ஒண்ணொண்ணாப் போச்சு, அது மட்டும் போவல்ல."

கஸ்தூரி காபியை அவர் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

மேடம் விஷயத்துக்கு வந்தார். மெஷினை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டினால் காற்றின் இரைச்சல் மட்டும்தான் கேட்கிறதாம். கழற்றிவிட்டால் ஒன்றுமே இல்லை. "வண்டி செத்துப்போன மாதிரி இருக்கு, தனா. ஓடுது, ஆனா செத்துப்போன மாதிரி. எப்ப கியர் மாத்தணும்னு தெரியல்ல. ஷீலா வித்துடுங்குறா. எனக்குக் கேக்குற மாதிரி அதைப் பண்ணித் தா."

"மேடம், சத்தத்த ஏத்துனா போலீஸ் புடிப்பான். திருவேற்காட்ல உங்க ஊட்டுக்கு எதிர்லயே ஃப்ளாட்டு வேற கீது."

"நான் ஏத்தச் சொன்னேனா?" பழைய அதட்டல். "எறக்கச் சொல்றேன். எனக்கு எட்டுற எடத்துக்கு எறக்கு. ஆனா அவரு சைலன்சர்ல கை வெக்கக் கூடாது. புதுசு பண்ணணும்."

கம்பெனியை விட்டு வெளியே வந்த அன்வர், திருமழிசை தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தான். வேலி, கேட், பழைய வண்டிகளுக்குக் குழாய் என்று எது வந்தாலும் செய்வான். அன்றே அங்கே போனோம். மேடத்தைக் கண்டதும் வெல்டிங் முகமூடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "வாங்க மேடம், வாங்க! தனா, இன்னாபா நீ, சொல்லாம கொள்ளாம இட்டுகினு வந்துட்ட? எடத்தக் கூட்டி வெச்சிருப்பேனே!"

என்ன வேண்டும் என்று சொன்னேன். அவன் மேடத்தின் காதைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். சலாம் வைப்பது மாதிரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான்.

தாமஸின் சைலன்சரைக் கழற்றிச் சாக்கில் சுற்றி ஓரமாக வைத்தோம். முதலில், எவ்வளவு சத்தம் போனால் அவருக்கு எட்டுகிறது என்று பார்க்க, தடுப்பே இல்லாத ஒரு குழாயைப் பூட்டினோம். கிளப்பியதும் தகரக் கூரை அதிர்ந்தது. எதிர்ப் பட்டறையில் வேலை செய்தவர்கள் வெளியே வந்தார்கள். அன்வர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"கேக்கு!" என்று மேடம் கத்தினார். அதுவரை அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை. அப்போது தெருவில் இடுப்பில் குழந்தையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண், குழந்தையின் தலையைத் தன் கழுத்தோடு அழுத்திக்கொண்டு வேகமாக நடந்தாள். மேடம் அதைப் பார்த்துவிட்டார். எஞ்சினை அணைத்தார். கண்ணாடியைக் கழற்றி பெட்ரோல் டேங்க்மேல் வைத்தார்.

நான் ஸ்பேனரை எடுத்தேன்.

அடுத்து உருப்படியாகச் செய்தோம். சாதாரண சைலன்சரில் புகை தட்டுகளில் மோதி, திரும்பி, வளைந்து வெளியே வரும். தட்டுகள்தான் ஆழமான சத்தத்தை விழுங்குகின்றன. எங்களுக்கு அதைத்தான் விட்டுவைக்க வேண்டும். அதனால் தட்டே வைக்காமல், உடம்பு முழுக்கத் துளை போட்ட ஒரு குழாயை நேராக ஓடவிட்டோம். அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சை அடர்த்தியாகச் சுற்றி, வெளியே கூட்டைப் பூட்டினோம். கூச்சல், கீச்சு, காதைக் கிழிக்கும் மேல் சத்தம் எல்லாவற்றையும் பஞ்சு குடித்துவிடும். அடியில் இருப்பது மட்டும் நேராக வெளியே போகும். வால் பகுதியை அன்வர் நீட்டி வைத்தான். பஞ்சு சுற்றும்போது மேடம் பக்கத்தில் நின்று விரலால் அழுத்திப் பார்த்தார். ஓர் இடத்தில், "இங்க பொக்கு" என்றார். பஞ்சு வெறுமையாக நின்ற அந்த இடத்தைப் பிரித்து மறுபடி சுற்றினோம்.

வெல்டிங் ஆறும்வரை டீ குடித்தோம். பிறகு கிளப்பினோம்.

அன்வரின் மீட்டர் சாதுவாகத்தான் காட்டியது. எதிர்ப் பட்டறையில் யாரும் தலை தூக்கவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் யாரோ பெரிய மத்தளத்தை மெதுவாகத் தட்டுவது போலிருந்தது. மேடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "கேக்கு" என்றார், இந்த முறை தனக்குத்தானே.

வண்டியை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டைத் தெருவில் போனார். நானும் அன்வரும் தெருவில் நின்று கேட்டோம். முதல் கியர், சரியான இடத்தில் இரண்டாவது, சரியான இடத்தில் மூன்றாவது. அன்வர் என் முதுகில் அறைந்தான். "அடிச்சிட்டோம் மாமே!" எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

மேடம் திரும்பி வந்து நிறுத்தினார். இறங்கவில்லை. ஹேண்டில்பாரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார்.

"நல்ல வேல. ஒரு குறையும் இல்ல" என்றார். பிறகு, "ஆனா இது யாரு?"

"மேடம்?"

"இது தெளிவா பேசுது. ஒவ்வொரு வார்த்தையும் கேக்கு. ஆனா ஆளு வேற, தனா. தெருவுல போகும்போது வேற யாரோ எங்கூட வாற மாதிரி இருந்துச்சு." சாக்கில் சுற்றி வைத்திருந்ததைக் காட்டினார். "அதையே மாட்டு."

அன்வர் பதறிவிட்டான். அவர் காதருகே குனிந்து சொன்னான். "மேடம், அது உங்களுக்குக் கேக்காதே!"

"கேக்காது. தெரியும். ஆனா அது அங்கனதான இருக்கும்?"

சூடு ஆறாத புதுசைக் கழற்றினோம். பழையதைச் சாக்கிலிருந்து எடுத்து, துடைத்து, பூட்டினோம். நான்தான் உதைத்துக் கிளப்பினேன்.

எத்தனையோ வருடம் கழித்து அந்தச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டேன். எஸ்டேட் ஜன்னல் ஓரம், கையில் மைக், காலை வெயில் எல்லாம் அப்படியே வந்துவிட்டன. மேடத்தின் உள்ளங்கை சீட்டின்மேல் இருந்தது. முகம் என் பக்கம் திரும்பியது.

"என்ன கேக்கு, தனா?"

அந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருக்கிறார். எப்போதுமே பதில் தெரிந்துகொண்டுதான் கேட்பார். அன்றைக்குத்தான் தெரியாமல் கேட்டார். நான் அவர் காதுக்குப் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"டுப்புனு உளுது மேடம். உளுந்தப்புறம் கதவப் பதமா சாத்தற மாதிரி ஒரு காத்து."

"பல்லு ஆடுதா?"

"ஆடல. சளியும் இல்ல. தகரம் பேசல."

"மூச்சு?"

"கீது மேடம். ரெண்டு அடிக்கும் நடுவுல நல்லா கீது."

"அவரு வெச்ச தட்டு?"

"அப்டியே கீது. அசையவேயில்ல."

மேடம் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அன்வர் அந்தப் பக்கம் திரும்பி, தேவையே இல்லாமல் ஒரு குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் சரி, வீட்டுக்கு எப்படிப் போவார்? வரும்போது மாதிரி முதல் கியரிலேயே கதறக் கதறப் போவதை என்னால் தாங்க முடியாது. சைகையும் பேச்சுமாக விளக்கினேன். நான் பின்னால் உட்காருகிறேன். வலது தோளில் தட்டினால் அடுத்த கியர். இடது தோளில் தட்டினால் இறக்க வேண்டும். மேடம் கொஞ்சம் யோசித்தார். பிறகு பில்லியன் சீட்டைக் கையால் தட்டி, "ஏறு" என்றார்.

பூந்தமல்லி நெரிசலில் இடது தோளுக்கு ஓயாத வேலை. சிக்னலில் ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன் தலையை நீட்டி, "இன்னா பெர்சு, அம்மா ஓட்டுது, நீ குந்திகினு வர்ற? அதுல தாளம் வேற போடுற?" என்றான். மேடத்துக்குக் கேட்கவில்லை. நான் சிரித்தேன். குமணன்சாவடி தாண்டி சாலை விட்டுக் கொடுத்ததும் வலது தோளைத் தட்டினேன். வண்டி மூச்சை இழுத்துக்கொண்டு முன்னால் போனது. மறுபடி தட்டினேன். வேலப்பன்சாவடி நெருங்கும்போது, என் கை போகிற அதே நொடியில் அவர் கால் போனது. காது போனாலும், இடுப்பிலும் பாதத்திலும் வரும் அதிர்வை அவர் பிடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார். அன்று அவர் வீட்டு வாசலில் இறங்கியபோது எனக்குச் சின்ன ஏமாற்றம்கூட இருந்தது. இனி நான் வேண்டியதில்லையே.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை தெரு முனையில் அதே டுப், டுப். கதறல் இல்லை. மேடம் வாசலில் நின்று பில்லியன் சீட்டைத் தட்டினார்.

"இப்பதான் நீங்களே மாத்தறீங்களே மேடம்?"

"ஓட்டத் தெரியும்டே. கேக்க ஆள் வேணாமா?"

"போய்ட்டு வாயா. உன் காதுக்கு மட்டும் இன்னும் ரிட்டையர்மென்ட் குடுக்கல போல" என்று கஸ்தூரி அனுப்பி வைத்தாள்.

அதன் பிறகு ஞாயிறு தவறியதில்லை. திருவேற்காட்டிலிருந்து பருத்திப்பட்டு ஏரிக்கரை, அங்கிருந்து ஆவடி. தாமஸ் வேலை பார்த்த பட்டறையின் நீளமான மதில் ஓரம் வரும்போது வண்டி தானாக மெதுவாகும். நான் தோளைத் தட்ட மாட்டேன். மதில் முடிந்த பிறகுதான் அடுத்த கியர். ஏரிக்கரையில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, நான் கேட்பதைச் சொல்வேன். மழைக்காலத்தில் கொஞ்சம் கனமாக இருக்கும், பனிக்காலத்தில் கிளம்பும்போது இருமும். எல்லாவற்றையும் சொல்வேன். சில நாள் சொல்ல ஒன்றும் இருக்காது. "நேத்து மாதிரியே கீது மேடம்" என்றால் போதும், அன்றைக்குத்தான் அவர் முகம் அதிகம் மலரும். எஸ்டேட்டில் வேலை பார்த்த அத்தனை வருடங்களில் நாங்கள் அப்படி உட்கார்ந்து பேசியதே இல்லை.

பிறகு அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. கிளப்ப நான் உதைத்துக் கொடுத்தேன். நிறுத்தும்போது வண்டியின் பாரத்தைத் தாங்க முடியவில்லை. ஒரு நாள் வாசலிலேயே வண்டியோடு சாய்ந்துவிட்டார். அடி பெரிதாக இல்லை. ஆனால் ஷீலா வந்துவிட்டாள். நாகர்கோவிலுக்குத் தன்னோடு அழைத்துக்கொண்டு போகிறேன் என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மேடம் மறுக்கவில்லை. வண்டி கூட வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். "அங்க யாரும்மா ஓட்டுவா?" என்றாள் ஷீலா. "நிக்கட்டும். தெனம் கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றார் மேடம். நானும் அன்வரும் பெட்ரோலை இறக்கி, வைக்கோலும் சாக்கும் சுற்றிக் கட்டி லாரியில் ஏற்றினோம். லாரி கிளம்பியபோது மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் என்னவோ சொன்னேன். அவர் மெஷின் மாட்டியிருக்கவில்லை.

இப்போது ஞாயிறு காலைகளில் நூம்பல் தெருவில் எத்தனையோ வண்டிகள் போகின்றன. கரண்ட் வண்டிகள் போவதே தெரிவதில்லை. நான் செடிக்குத் தண்ணீர் விடுகிறேன்.

போன ஞாயிறு ஷீலா வீடியோ காலில் வந்தாள். அவள் கணவர் வண்டியைக் கிளப்பிவிட்டிருக்கிறார். தென்னை மரத்தடியில் வண்டி, பக்கத்தில் நாற்காலி போட்டு மேடம், சீட்டின்மேல் கை. இன்னும் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் மற்றக் கையால் தன் காதைத் தொட்டு, திரையில் என்னைச் சுட்டினார்.

"அம்மா எப்படி இருக்குன்னு கேக்குறாங்க அங்கிள். கேக்குதா?" என்றாள் ஷீலா. போனைக் குழலின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனாள்.

ஷீலாவின் குரல் தெளிவாக இருந்தது. எங்கோ ஒரு காக்காய்கூட ஒரு முறை கேட்டது. வண்டி கேட்கவில்லை. இந்தப் போன்களுக்கு மனிதர் பேச்சு மட்டும்தான் வேண்டுமாம், அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் சத்தத்தை அதுவே துடைத்துவிடுமாம். அப்போது எனக்கு அது தெரியாது. ஒலியைக் கூட்டினேன். போனைக் காதில் வைத்து அழுத்தினேன். கஸ்தூரியை டிவியை நிறுத்தச் சொன்னேன். ஒன்றும் இல்லை. குழலிலிருந்து புகை மட்டும் வந்து வந்து போனது.

மேடம் காத்துக்கொண்டிருந்தார். நல்லா கீது என்று சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"எனக்கும் கேக்கல மேடம்."

அவருக்கு அது போய்ச் சேரவில்லை. ஷீலா அவர் காதருகே குனிந்து, குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். மேடம் முதலில் அவளைப் பார்த்தார், பிறகு திரையில் என்னைப் பார்த்தார். மெல்லத் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆஃப் பண்ணிடச் சொல்லவா அங்கிள்?"

"வேணாம்மா. கொஞ்ச நேரம் ஓடட்டும்."

அவள் போனை ஒரு ஸ்டூலின்மேல் சாய்த்து வைத்தாள். வண்டியின் பக்கக் கண்ணாடி எஞ்சினின் ஒவ்வொரு அடிக்கும் லேசாக நடுங்கியது. நடுவில் மூச்சு விட இடம் கொடுத்து, மறுபடி நடுங்கியது. அங்கே அவரும் இங்கே நானும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.